அய்யாவும் ஊர்க் கடுதாசியும்

பதிவுத் தபால் இனிமேல் தனியாகக் கிடையாது, 2025 செப்டம்பர் 1-ஆம் தேதியில் இருந்து ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே அய்யா பேச்சுதான். "அய்யா இருந்திருந்தா இதுக்கு ஒரு கருமாதி கார்டு அடிச்சிருப்பாரு" என்று அத்தை மகன் எழுதினான். அடித்திருக்க மாட்டார். சர்க்குலரை ரெண்டு தடவை படித்து, அமலுக்கு வரும் தேதிக்குக் கீழே சிவப்பு மசியில் கோடு போட்டு, ஃபைலில் குத்தி வைத்திருப்பார். மறுநாள் யாராவது பதிவுத் தபால் அனுப்ப வந்தால் புது ரேட்டைச் சொல்லியிருப்பார்.

"அய்யாவைப் பத்தி நல்லா எழுதி வையி, பிள்ளைக படிக்கட்டும்" என்று அத்தை அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது அத்தை, கோபிச்சுக்கிறாதீங்க.

எங்கள் சிவகங்கைப் பக்கம் அப்பாவைப் பெற்றவர் அய்யா, அவர் சம்சாரம் அப்பத்தா. ஊர் தேவகோட்டைக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு கண்மாய், ஊருணி, அய்யனார் கோயில், மற்றபடி சீமைக்கருவேலங்காடு. அந்த ஊரின் கிளை அஞ்சலகத்துக்கு 1950-களின் கடைசியில் இருந்து 65 வயது முடிகிற வரைக்கும் அய்யாதான் போஸ்ட் மாஸ்டர். ஆபீஸ் எங்கள் வீட்டுத் திண்ணையில்.

போஸ்ட் மாஸ்டர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்' என்று ஒரு பிரிவு, வாயில் நுழையாமல் எல்லோரும் 'ஈ.டி.' என்பார்கள். இப்போது கிராமின் டாக் சேவக் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இந்த வேலைக்கு வருகிறவருக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும், ஆபீசுக்கு இடம் அவரே தர வேண்டும், அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வேலை என்பதால் சம்பளம் என்று சொல்லாமல் அலவன்ஸ் என்று கொடுப்பார்கள். 1977-ல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்களும் அரசின் சிவில் பதவியில் இருப்பவர்கள்தான், விசாரிக்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொன்னது. அதற்குப் பிறகும் பென்ஷன் வரவில்லை. நாட்டில் இருக்கிற 1,64,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி ஓரிடத்தில், எங்கள் அய்யா மாதிரி ஒருத்தரை நம்பி நடந்தவைதான். அய்யாவுக்கு வேறு வருமானம் என்பது கண்மாய்க்குக் கீழே இருந்த கொஞ்சம் வயல். மழை பெய்தால் வருமானம். எங்கள் சீமையில் அது எப்போது பெய்யும் என்று வருண பகவானுக்கே தெரியாது.

காலையில் ரன்னர் சைக்கிளில் பையைக் கொண்டு வருவார். சணல் கயிற்றில் கட்டி, முடிச்சின் மேல் அரக்குச் சீல் வைத்த பை. சீல் உடையாமல் இருக்கிறதா என்று அய்யா வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். தேதி முத்திரையில் நாள், மாதம், வருடத்துக்கான எழுத்துகளைக் குறட்டால் மாற்றி, முதலில் ஒரு பழைய தாளில் குத்திப் பார்ப்பார். அந்தத் தாளை எனக்குத் தருவார். எங்கள் தெருவிலேயே ரப்பர் ஸ்டாம்ப் விளையாட்டுக்கு நிஜமான சர்க்கார் முத்திரை குத்திய தாள் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். பெரிய கெத்து.

கடுதாசிகளுக்குப் பின்பக்கம் முத்திரை குத்தி, தெரு வாரியாகப் பிரித்துத் தபால்காரரிடம் கொடுத்ததும் ஆபீஸ் வேலையில் பாதி முடிந்தது. அய்யாவின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கடுதாசி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அதே கடுதாசி முந்தானையில் முடிந்தபடி திரும்பி வரும். "வாசிச்சுச் சொல்லுங்கப்பு" என்று ஒரு அப்பத்தா, ஒரு கைக்குழந்தைக்காரி, சில நேரம் மீசை வைத்த ஆம்பளையும்கூட. ஊரில் படித்தவர்கள் அப்போது விரல் விட்டு எண்ணும் அளவுதான். இருந்தவர்களிலும் எல்லோரிடமும் கடுதாசியை நீட்ட முடியுமா? வாசித்தவன் சாயங்காலம் டீக்கடையில் சொல்லிவிட்டான் என்றால் முடிந்தது கதை.

அய்யா எப்படி வாசிப்பார் என்பதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வாசிக்க மாட்டார். "செத்த இருத்தா" என்பார். ஆட்கள் போன பிறகு, இல்லையென்றால் வீட்டுக்குள்ளே நெல் குலுக்கைப் பக்கம் அழைத்துப்போய், மெதுவான குரலில், எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிற மாதிரியே வாசிப்பார். சினிமாவிலும் கதைகளிலும் வருகிற போஸ்ட் மாஸ்டர் கெட்ட செய்தியை மறைத்து நல்லதாகப் படித்துக் காட்டுவார், இல்லையா? அய்யா அப்படிச் செய்யவே மாட்டார். மகன் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று எழுதியிருந்தால் கட்டிக்கொண்டான் என்றுதான் வாசிப்பார். ஒரு சொல்லைக் கூட்டுவதும் இல்லை, விழுங்குவதும் இல்லை. "அது அவளுக்கு வந்த கடுதாசி. அதுல கையை வைக்க நான் யாரு?" என்று ஒரு தடவை அப்பாவிடம் சொன்னாராம்.

ஆனால் நேரம் பார்ப்பார். கடுதாசியைப் பிரித்து முதலில் மனசுக்குள் ஒரு ஓட்டம் ஓட்டுவார். பிறகு, "சாப்பிட்டியாத்தா?" என்பார். மற்ற நாளில் யாரையும் அப்படிக் கேட்கிற ஆள் கிடையாது. ஆகவே ஊருக்கே தெரியும், கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டர் சாப்பிட்டியா என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று. சாப்பிடவில்லை என்றால் அப்பத்தா உள்ளே கூப்பிட்டு நீராகாரமோ சோறோ ஏதோ வைப்பாள். வந்தவள் அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாசிப்பு. சாவுச் செய்திக் கடுதாசி என்றால் வாசித்த உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அந்தக் கிழிப்பையும் பல பேருக்கு அய்யாதான் செய்திருக்கிறார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வந்த கார்டு என்றால் நேர்மாறு. தெருவில் போகிறவளைக் கூப்பிட்டு, "ஏத்தா, நல்ல சேதி வந்திருக்கு, இனிப்பு எங்க?" என்பார். அதற்கு மேல் அவர் வாயில் இருந்து விவரம் வராது. மிச்சத்தை அவளே ஊருக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போன திசையெல்லாம் அந்தப் பையில் வரும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு. 1964 ஒரே வருடத்தில் எல்லாம் தலைகீழ் ஆனதை அய்யா அடிக்கடி சொல்லுவார். பர்மாவில் நெ வின் ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கி, மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. செட்டிநாட்டு முதலாளிகளிடம் கணக்கெழுதப் போனவர்கள், கடை வைத்தவர்கள், ரைஸ் மில்லில் இருந்தவர்கள் எல்லாம் கட்டின துணியோடு கப்பல் ஏறினார்கள். அக்டோபரில், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. இலங்கைத் தபால் வந்துகொண்டிருந்த போட் மெயில் பாதையே கடலில் அடித்துக்கொண்டு போனது. "அந்த வருசம் நான் கடுதாசி வாசிச்சதைவிட, கடுதாசி வரலைன்னு சொன்னதுதான் அதிகம்" என்பார். 'வரலைத்தா' என்று ஒருத்தியிடம் தினமும் சொல்வது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இப்போது யோசித்தால் புரிகிறது. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தாராம். அவள் வந்து கேட்கும் முன்னால், தெருமுனையில் தலை தெரியும்போதே கையை ஆட்டிவிடுவாராம். மொத்தத் தெருவையும் நடந்து வந்து ஏமாற வேண்டாம் என்று.

எழுதிக் கொடுப்பது இன்னொரு கலை. "நலம், நலமறிய அவா" வரைக்கும் அவருடையது. அதற்கப்புறம் சொல்கிறவர் வார்த்தை. ஒருத்தி மருமகனை வண்டை வண்டையாகத் திட்டினால் வண்டை வண்டையாகவே எழுதுவார். முடித்ததும் திரும்ப வாசித்துக் காட்டி, "போட்டுரவா?" என்று கேட்பார். பாதிப் பேர் அங்கேயே, "வேணாம்ப்பு, அந்த ரெண்டு வரியை அடிச்சிருங்க" என்பார்களாம். அடித்தால் மருமகன் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவான் என்று புதுக் கார்டில் முழுசாக எழுதிக் கொடுப்பார். வீணான கார்டுக்குக் காசு அய்யா கணக்கு. அதில் அப்பத்தாவுக்கு எரிச்சல்தான்.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் அய்யாவை மட்டும் சொன்னால் அது பொய்க் கணக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கரைத்தது யார்? காலையில் எழுந்து திண்ணையை மெழுகி, அரக்கு சிந்தின இடத்தைச் சுரண்டியது யார்? ஈ.டி. போஸ்ட் மாஸ்டர் லீவு போட்டால் மாற்று ஆளை அவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால் அய்யா ஊரை விட்டு அசைய மாட்டார். தன் அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்குக்கூட அப்பத்தா தனியாகவே பஸ் ஏறியிருக்கிறாள். "அவருக்கு ஊரு, எனக்கு அவரு, எனக்குன்னு கேக்க யாரு" என்று மாவாட்டும்போது முனகுவாள். ஊருக்கு உழைத்தார் என்று நாம் மாலை போடுகிற ஒவ்வொரு ஆம்பளைக்குப் பின்னாலும் இப்படி ஒரு முனகல் இருக்கும் என்பது என் எண்ணம். மாலை மட்டும் ஒரு கழுத்துக்கு.

அவள் எழுதக் கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1962-ல் முதியோர் பென்ஷன் வந்தது. மாசம் 20 ரூபாய், மணியார்டரில். கைநாட்டு வைக்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கும்போது சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். பணம் கொடுக்கிற போஸ்ட் மாஸ்டரே சாட்சி போட முடியாது. தெருவில் போகிற எழுத்தறிந்த ஆம்பளை எவனையாவது கூப்பிட்டால், கிழவிக்குப் பணம் வந்தது ஊருக்கே தெரிந்து, சாயங்காலம் கடன்காரன் வாசலில் நிற்பான், இல்லையென்றால் மகன் நிற்பான். ஆகவே அய்யா அப்பத்தாவுக்கு ஸ்லேட்டில் பேர் எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மாசத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர்க் கிழவிகளின் பென்ஷனுக்கெல்லாம் அப்பத்தாதான் சாட்சி. அய்யா ஒவ்வொரு நோட்டாகச் சத்தம் போட்டு எண்ணி, கிழவியின் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கி விடுவார். இந்தப் பணம் கைக்கு வருகிற வழியிலேயே ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் தேய்ந்து போகும் என்று அந்தக் காலத்தில் எங்கும் பேச்சு உண்டு. எங்கள் திண்ணையில் தேயவில்லை. ஒரு கிழவி பிரியமாக நாலணாவைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனதற்கு, தபால்காரரை அவள் பின்னாலேயே விரட்டிவிட்ட ஆள்.

அடுத்தது பாஸ்புக். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, மாசாமாசம் கட்டுகிற ஆர்.டி. என்று ஊரில் பல பெண்களுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். களையெடுத்த கூலியில், முட்டை விற்றதில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கட்டுவார்கள். சிக்கல் என்னவென்றால் பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டுபோனால் புருஷன் கண்ணில் படும். ஆபீசிலும் வைத்துக்கொள்ளக் கூடாது, அது விதி. அவை அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், கலியாணப் புடவைக்கு அடியில் இருந்தன. ஒரு தடவை இன்ஸ்பெக்டர் தணிக்கைக்கு வந்தபோது, "கணக்குக்காரங்க பாஸ்புக்கெல்லாம் எங்க?" என்று கேட்டிருக்கிறார். "அவங்கவங்க வச்சிருக்காங்க சார்" என்று அய்யா சொல்ல, உள்ளே அப்பத்தாவுக்குக் கைகால் உதறல். தன் வாழ்நாளிலேயே அய்யா சொன்ன ஒரே பொய் அது என்று அவள் சொல்வாள். அய்யா ஒத்துக்கொள்ள மாட்டார். "பொய் என்ன இதுல? அவங்க உங்கிட்ட வச்சிருக்காங்க, உள்ளதுதானே?"

கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ராமநாதபுரம் சீமையில் (எங்கள் சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான்) 1930-களில் தாழ்த்தப்பட்டவர்கள் என்ன உடுத்தலாம், என்ன நகை போடலாம் என்பதற்கெல்லாம் தடை போட்டு அடித்திருக்கிறார்கள். மானுடவியலாளர் ஜே.எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தன் புத்தகத்தில் அந்தத் தடைகளைப் பட்டியலாகவே போட்டிருக்கிறார். அய்யா வேலைக்கு வந்தபோது அதற்கு முப்பது வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மணியார்டர் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட ஒருவர் வாசலில் தெருவிலேயே நிற்க, அய்யா, "ஏறி வாங்க, இது சர்க்கார் இடம். கீழ நின்னா ரூல்படி நான் பணம் குடுக்க முடியாது" என்றாராம். அப்படி ஒரு ரூல் கிடையாது. அவரே உண்டாக்கின ரூல். முதல் நாள் அப்பத்தா திண்ணையைக் கழுவிவிட்டாள், அதை அவளே பிற்பாடு வெட்கப்பட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அய்யாவின் பங்காளிகள் சில பேர் அதற்காகவே வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள்.

சரி, பெரிய புரட்சிக்காரர் என்று எழுதிவிடலாமா? முடியாது. குடிதண்ணி ஊருணி விஷயத்தில் அய்யா வாய் திறக்கவில்லை. சித்திரையில் தண்ணி வற்றியதும் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் என்று பேர் எழுதி, தூர் வாரி, கரையைச் சரி பண்ண முன்னால் நின்றவர் அவர்தான். ஊருணிக்குள் கால் வைக்கக் கூடாது, சோப்புப் போடக் கூடாது என்று காவல் காத்ததும் அவர்தான். ஆனால் அந்த ஊருணியில் யார் குடம் முக்கலாம், யார் முக்கக் கூடாது என்று இருந்த வழக்கத்தைக் கடைசி வரை அவர் தொடவில்லை. திண்ணையில் இருந்த தைரியம் ஊருணிக் கரையில் இல்லை. ஒரு தடவை நான் கல்லூரி லீவில் போனபோது நேராகவே கேட்டேன். "திண்ணை என்னுது. ஊருணி ஊருது" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பினார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை.

குடும்பத்திடம் எப்படி இருந்தார் என்று கேட்டால், அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்கு வேலை உத்தரவு பதிவுத் தபாலில் வந்த கதை எங்கள் வீட்டில் ரொம்பப் பிரசித்தம். வருமா வராதா என்று அப்பா மாசக்கணக்கில் திண்ணையைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். பை பிரிந்ததும் உறையின் மேலிருந்த பெயரை அய்யா பார்த்துவிட்டார். பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தி, மற்ற தபாலோடு சேர்த்து, எல்லாம் பிரித்து முடித்து, வந்திருந்த ஆட்களை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் மகனைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டும் கையில் கொடுக்கவில்லை. "இந்தா, இதுல கையெழுத்துப் போடு. தேதி போடு." போட்ட பிறகு கொடுத்தார். அப்பா பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அப்பாவுக்கு அந்தக் கோபம் அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருந்தது. "பெத்த மகன்கிட்ட கையெழுத்து வாங்கின மனுசன்!" என்பார். ஒரு மணி நேரம் அந்த உறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்களின் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தாரே, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

பேரன் பேத்திகளுக்கு வேறு அய்யா. நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக, அவரவர் பேரில், 15 பைசா கார்டு வரும். வீட்டுக்கு மொத்தமாக ஒன்று எழுதினால் ஆகாதா என்று அம்மா கேட்டதற்கு, "பிள்ளைக்கும் ஒரு விலாசம் இருக்குன்னு அதுக்குத் தெரியணும்ல" என்றார். 'செல்வி' என்று முன்னால் போட்டு முழுப் பெயரோடு எழுதுவார். அனுப்புநர் இடத்தில் 630-ல் ஆரம்பிக்கிற எங்கள் ஊர் பின்கோடு, ஆறு கட்டத்துக்குள் ஆறு எண்ணும் அச்சடித்தாற்போல இருக்கும். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தபோது, உறவுக்காரர்கள் இருக்கிற ஊர்களின் எண்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டவர். சொந்தக்காரர்களைப் பேரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கேலி செய்வார். எனக்குப் பத்து வயது ஆனதும் என் பேரில் ஒரு பாஸ்புக் போட்டுக் கொடுத்தார். பேரன்களுக்கு அந்த வயதில் கிடையாது, பேத்திகளுக்கு மட்டும். பையன்கள் சண்டை போட்டும் மசியவில்லை.

வாழ்க்கையில் அய்யாவுக்கு நஷ்டம் வைத்தது அவர் வாய்தான், அதாவது திறக்காத வாய். ஊரில் அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துத் தகராறு ஒன்று பஞ்சாயத்துக்கு வந்தது. மலேயாவில் இருந்த மூத்தவர் பணம் அனுப்பினாரா இல்லையா, கடுதாசியில் நிலத்தைப் பற்றி என்ன எழுதினார் என்பதில்தான் வழக்கே நின்றது. வாசித்தவர் அய்யா. கூட்டத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "தபாலைப் பத்தி மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். 1898-ஆம் வருடத்து அஞ்சலகச் சட்டம் அவருக்குப் பக்கம் பக்கமாகத் தெரியும் (அது போய் இப்போது 2023-ஆம் வருடச் சட்டம் நடக்கிறது), ஆனால் அதைச் சொல்லி ஒளியவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்பதோடு சரி. தோற்ற பக்கத்து ஆட்கள், அய்யா வாய் திறந்திருந்தால் நிலம் தங்களுக்கு வந்திருக்கும் என்று கடைசி வரை நம்பினார்கள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்கள் வருவதே நின்றுபோனது. உண்மையில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்ததா? தெரியாது. தெரிந்தவர் சொல்லவில்லை. அவர் செய்தது சரிதானா என்று எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இன்னும் ரெண்டு கட்சி உண்டு. நான் அய்யா கட்சி. ஒரு தடவை சொல்லிவிட்டால், மறுநாள் எந்தப் பெண் அந்தத் திண்ணைக்குக் கடுதாசியை எடுத்துக்கொண்டு வருவாள்?

1980-களில் துபாய் ஆட்கள் டேப் ரிக்கார்டர் வாங்கி அனுப்ப, கடுதாசிக்குப் பதில் கேசட் வர ஆரம்பித்தது. அய்யாவுக்கு வேலை குறைந்துவிடும் என்று நினைத்தோம். குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. கேசட் போட்டால் தெருவே கேட்கிறது. பெண்டாட்டி புருஷனிடம் சொல்ல வேண்டியதை மாமியார், நாத்தனார் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க எப்படி மைக்கில் சொல்வாள்? "கேசட்டுல நல்லாருக்கேன்னு சொல்லிட்டேங்கய்யா. இப்ப நெசத்தை எழுதுங்க" என்று ஒரு அக்கா வந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அய்யா என்னை, "நீ போயி வெளையாடுத்தா" என்று விரட்டிவிட்டார்.

அய்யா ரிட்டயர் ஆன கொஞ்ச வருடத்தில் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் யார் வீட்டுக்குக் கூப்பிட்டும் போகாமல் அய்யாவே பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டி, தலை சீவி, பின்னல் போட்டு, ரிப்பன் இல்லாத குறைக்கு நுனியில் பார்சல் கட்டுகிற நூலைச் சுற்றிவிடுவார். ஊர்ப் பெண்கள் கேலி செய்வார்கள். "இத்தனை வருசம் மோர் கரைச்சாள்ல" என்பார். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டுவார், அதையும் கூட்டாமல் குறைக்காமல். விளம்பரத்தைக்கூட விடமாட்டார் என்று அப்பத்தா கோணின வாயோடு சிரிப்பாள். அவள் போன பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை.

அய்யா செத்த அன்றைக்கு ஒப்பாரி வைக்க வந்தவர்களில், எங்களுக்குச் சொந்தமே இல்லாத கிழவிகள் நிறையப் பேர். சொந்தக்காரர்கள் வழக்கமாக வைக்கிற ஒப்பாரி முடிந்து, ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு, அய்யா தனக்கு வாசித்த ஒரு கடுதாசியைப் பாட்டிலேயே சொல்ல ஆரம்பித்தாள். எந்த வருடம் வந்தது, என்ன எழுதியிருந்தது, கேட்டுவிட்டு அவள் என்ன செய்ய நினைத்தாள், அய்யா என்ன சொன்னார், இத்தனை வருடம் தனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது என்று எல்லாவற்றையும். பக்கத்தில் இருந்த அவள் மகளுக்கே அதுதான் முதல் தடவை. அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கூடத்தில் இருந்த ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக எழுந்து வெளியே போய்விட்டார்கள். அன்றைக்குக் கேட்டதில் எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அத்தை, நீங்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சாதாரண மணியார்டர் 2015-ல் நின்றுவிட்டது. தந்தி அதற்கு முன்பே, 2013 ஜூலையில் போய்விட்டது. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம் இப்போது வேறொரு வீட்டில் நடக்கிறது, போஸ்ட் மாஸ்டர் ஒரு இளம்பெண். கையில் ஒரு சின்ன மெஷின் வைத்துக்கொண்டு ஆதார் ரேகையில் பணம் கொடுக்கிறார். சாட்சிக் கையெழுத்து வேண்டியதில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன், ஒரு கிழவிக்கு ரேகை விழாமல் நாலு தரம் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். முகம் சுளிக்கவில்லை. பணத்தைச் சத்தம் போடாமல் எண்ணிக் கொடுத்தார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இனி இந்தப் பதிவை எழுத வைத்த இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைப் போன மாதம் திறந்தோம். பாஸ்புக் எதுவும் இல்லை, எல்லாவற்றையும் அய்யா உரியவர்களிடம் சேர்த்திருக்கிறார். அடியில் ஒரு கட்டுக் கடுதாசி இருந்தது. வாசிக்க வந்தவர்கள், "வீட்டுல வச்சுக்க முடியாது, நீங்களே வச்சிருங்க" என்று விட்டுப் போனவை போல. அத்தை மகன் அவற்றைப் படமெடுத்து முகநூலில் போட்டால் நல்ல வரலாற்று ஆவணமாக இருக்கும் என்கிறான். பர்மா தபால்தலை, மலேயா முத்திரை என்று பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவற்றில் பெயர் இருக்கிறவர்களில் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பங்குனிப் பொங்கலுக்குப் போகும்போது கொண்டுபோய் அவரவர் கையிலோ அவர்கள் பிள்ளைகள் கையிலோ கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கட்டு இருந்தால், ஸ்கேன் எடுத்துப் போடும் முன்னால் எழுதினவரையோ வாங்கினவரையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.